வெள்ளைக்கால் சேவலின் மகள்கள்

நாள் 212, 23:10
செவ்வாய், மூன்றாம் குடியிருப்பு. எழுதுவது விருமாயி, ஒன்பதாம் வகுப்பு. கோழிக்கூடத்துப் பொறுப்பாளர் காசிமாயன் என் அப்பா. இதைப் போர்வைக்குள் எழுதுகிறேன். அவர் பார்க்கக் கூடாது.

கூடத்து வெப்பம் 24. கிளிமூக்கு இனச் சேவல் ஒன்று, பெட்டை ஐந்து, ஆறும் வெள்ளைக்கால். எங்களுக்கு முட்டை இவற்றிடமிருந்துதான். கோழிக் காட்சியில் பரிசு வாங்கக் கால் வெள்ளையாக இருக்க வேண்டும். எட்டு வாரக் குஞ்சுகளைப் பார்த்தேன். ஆண் பத்தும் வெள்ளைக்கால். பெண் பன்னிரண்டில் ஏழு கருங்கால்.

நாள் 213, 22:40
கூடத்து ஒலிபெருக்கியில் அப்பாவும், கட்டுப்பாட்டறையிலிருந்து பெரியப்பாவும்:
"எண்ணே, கருப்பு பூரா பொட்டக் குஞ்சுலதான். அப்ப ஆத்தாகிட்ட இருந்துதான வரும்?"
"அறுத்துப் போடுறா. உன் சேவக் காலு பாலாட்டம் இருக்கு. அதைவிட நீதான் அழுக்கு."
சிரித்தார்கள். தாய்கள், மகள்கள், எல்லாவற்றையும் கழிக்கிறார்களாம். வெள்ளைக்கால் மகள்களையும். அதே ரத்தமாம். புதுப் பெட்டைகளை இரண்டாம் குடியிருப்பில் வாங்கிக்கொள்வார்களாம். அங்கே இன்னும் கேட்கவே இல்லை! பூமிக் கப்பல் வரப் பத்தொன்பது மாதம்.

நாள் 214, 23:55
தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இந்தக் கால் நிறம், ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு. பெட்டைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தகப்பன் கொடுத்தது. வெள்ளை கருப்பை மறைக்கும். நம் சேவல் ஒரு இசட்டில் கருப்பை ஒளித்து வைத்திருக்கிறது. மகன்களுக்குத் தாய் கொடுத்த வெள்ளை அதை மூடிவிடுகிறது. மகள்களுக்கு மூட எதுவும் இல்லை.

ஐந்து தாய்களுக்குமே கருங்கால் மகள் இருக்கிறது. அவற்றுக்குப் பொதுவானது அந்தச் சேவல் மட்டும். இது கூடவா தெரியவில்லை?

நாள் 215, 23:20
இதை எழுதிக் கூடத்துக் கதவில் ஒட்டினேன். அப்பா கிழித்துவிட்டு, எல்லா அறைக்கும் கேட்க அறிவித்தார்:
"நேத்து பொறந்த கழுத எனக்குக் கோழி வளக்கச் சொல்லித் தருது. இனி கூடத்துப் பக்கம் வந்தா காலை ஒடிப்பேன்."
வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். இன்று ஒன்பது அறுத்தார்கள்.

நாள் 216, 21:05
இன்று ஏழு. பெட்டையில் ஒன்றுதான் பாக்கி. கருங்கால் வருமென்று, குஞ்சு பொரிக்க அடைப்பெட்டியில் வைத்த முட்டைகளையும் அப்பா உடைத்துவிட்டார். மைக்கை அழுத்தினேன்:
"அப்பா, அந்த ஒண்ணையாச்சும் விட்ருங்கப்பா. குத்தம் சேவல்கிட்டப்பா."
"மைக்க வைடி."

21:19
ஒலிபெருக்கியில் கடைசிப் பெட்டையின் கத்தல் நின்றது.

நாள் 217, 20:30
இரண்டாம் குடியிருப்பிலிருந்து வேலுத்தாய் அத்தை:
"பொட்டையா? எங்க பொட்டைக பூராத்தையும் போன மாசமே அறுத்தாச்சு தம்பி. குஞ்சுல பாதிப் பொட்ட கருங்காலு. நீங்க குடுத்தீகளே, உங்க சேவலோட கூடப் பொறந்த சேவலு, அதுக்குப் பொறந்ததுகதான். உங்ககிட்டக் கேக்கலாம்னு இருந்தோம்."
 அப்பா இணைப்பைத் துண்டித்தார்.

23:48
என் அறை ஒலிபெருக்கியில் அப்பா. குரல் மிக மெதுவாக:
"விருமாயி, முழிச்சிருக்கியாம்மா? முட்டைக்கு இப்ப என்ன செய்யிறது?"
மைக் கையில் இருக்கிறது.  கூடத்தில் பதினோரு சேவல். எல்லாக் காலும் வெள்ளை.