துறையூர் என்று சொன்னாயே

நண்பா,

தேயிலைத் தோட்டத்துத் துரைமார் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசையின் பழைய துணியை உரித்துவிட்டார்களாம். அதில் நாற்காலி மெத்தைக்கு உறை தைக்கச் சொல்லி இன்று காலை என் தையல் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். மூட்டையைப் பிரித்ததும் சுருட்டுப் புகையும் சுண்ணப்பொடியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. வேலை விட்டு நேரே கடைக்கு வந்து உட்காருவாயே, அப்போது உன் சட்டையில் வீசும் அதே வாடை. கத்தரிக்கோலை எடுக்கக் கை வரவில்லை.

அந்த மேசையருகே மார்க்கராக எத்தனை வருஷம் நின்றாய்! துரைமாருக்குக் கோல் எடுத்துக் கொடுத்தாய், புள்ளி சொன்னாய், துணியை நீவிவிட்டாய். ஆடு என்று ஒருத்தனும் உன்னைக் கூப்பிட்டதில்லை. மேசை துடைக்கிற சாக்கில் பந்தைத் தட்டித் தட்டிப் பழகிய ஆள் நீ.

நாம் சிலோனிலிருந்து கப்பலேறி இந்தியா போனது நினைவிருக்கிறதா? முதலில் திருச்சி ஜில்லாவில் துறையூர் பக்கம் உன் தாத்தாவின் ஊருக்குத்தான் போனோம். அங்கே நம்மை யாருக்கும் தெரியவில்லை. சொந்தக்காரர் ஒருவர் சோறு போட்ட கையோடு எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டார். நீ கை கழுவியதும் பையை எடுத்துக்கொண்டாய். திருச்சிக்குத் திரும்பி, கடைத்தெரு மாடியில் இருந்த பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள் நுழைந்த பிறகுதான் உனக்கு உயிர் வந்தது. யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்றார்கள். நம்பாமல் மறுபடியும் கேட்டாய்.

அன்று ஆடினாயே ஓர் ஆட்டம்! உள்ளூர் ஜவுளிக்கடைக்காரர் கோலைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். துறையூர் பக்கம் என்றாய். நம்ம ஜில்லாப் பையன் என்று சொல்லி முதுகில் தட்டி, கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தார். பிறகு மதுரையிலும் ஒரு கூடத்தைத் தேடிப் பிடித்தாய். அங்கேயும் அதே துறையூர். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த நம் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான் அது. இங்கே தோட்டத்து லயத்து வரிசையில் ஒற்றையறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன்கூட, ஊர் எது என்று கேட்டால் தாத்தா விட்டுவந்த ஊரைத்தான் சொல்வான். தோட்டத்தை ஊர் என்று சொல்ல நமக்கு வாய் வராது. என்ன கேடுகெட்ட வழக்கமோ!

திரும்பி வந்த பிறகு, இங்கேயே பிறந்த நமக்கும் சிலோன் குடியுரிமைக்கு விசாரணை வைத்து, என்னையும் உன்னையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். உன்னை முதலில் உள்ளே விட்டார்கள். வெளியே வந்ததும் நேரே என் பக்கம் வந்தாய். என் காதருகே குனிந்தாய்.

"டேய், சொந்த ஊரு எதுன்னு கேப்பாங்க. நாம பொறந்த தலவாக்கலைன்னு சொல்லு. நான் துறையூர்னு சொல்லித் தொலச்சிட்டேன்."

நீ சொன்னபடியே சொன்னேன். எனக்குக் குடியுரிமை கிடைத்தது. இந்தியாவில் ஊர் சொன்னவனுக்கு இங்கே உரிமை இல்லை என்று உனக்குப் பதில் வந்தது. குடியுரிமை இல்லாதவனை வைத்துக்கொள்ள முடியாது என்று கிளப்பிலும் உன்னை நிறுத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கப்பலேறினாய். திருச்சியில் அதே கூடத்தில் மார்க்கர் வேலை கிடைத்தது என்று எழுதினாய். இந்தத் தடவை யாரும் உன்னை நம்ம ஜில்லா என்று சொல்லவில்லை. சிலோன்காரன் என்றே கூப்பிட்டார்களாம்.

இங்கே உன் அம்மா படுத்த படுக்கையானாள். வந்துபோக விசா கேட்டாய், கொடுக்கவில்லை. நாம் பிறந்த மண்ணிலேயே நம்மை, திருட்டுப் படகில் வந்தவன் என்ற அர்த்தத்தில், கள்ளத்தோணி என்று ஏசுகிறார்கள். கடைசியில் உன்னை நிஜமாகவே கள்ளத்தோணியில் ஏற்றிவிட்டார்கள், பாவிகள்.

தோணி மன்னாருக்குப் பக்கத்தில் கவிழ்ந்தது. உன்னோடு வந்து பிழைத்தவன் என் பெயரைச் சொன்னதால் அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்த உன் முகத்தைப் பார்த்தேன். பொலிஸ்காரர் அலுப்போடு, ஆள் எந்த ஊர் என்று கேட்டார்.

"தலவாக்கலைங்க. இங்கதான் பொறந்தான்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். அன்றைய விசாரணையில் கேட்டதுபோல் சாட்சி கேட்கவில்லை, தாத்தாவைப் பற்றிக் கேட்கவில்லை. இவ்வளவு சுலபமாக எழுதக்கூடிய ஒன்றா அது? அன்றிலிருந்து, யாராவது என்னிடம் ஊர் கேட்டால், நீ காதில் சொன்ன ஊரையே சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுகிறேனடா.