சனிக்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை, அண்ணி

என் பிரியத்துக்குரிய அண்ணிக்கு,

பயிற்சிக் கூடத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். புடவைகூட மாற்றவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், "நல்லதும்மா" என்று வைத்துவிட்டார். உங்களிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

நீங்கள் தொடங்கிய ஆசிரியர் கூட்டம் நின்றுபோக இருந்தது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு யாரும் நடத்த முன்வரவில்லை. இந்த மாதமும் இல்லையென்றால் அறையைத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி என்றாலே எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று உங்களுக்குத் தெரியும்: கையெழுத்து, போண்டா, குரூப் போட்டோ. ஆனாலும் உங்கள் கூட்டம் சாகக் கூடாதென்று நானே எழுந்தேன்.

பாடம், பின்னங்கள். நமக்கு வந்த பயிற்சிப் பெட்டியில் பீட்சா வட்டங்கள்தான். அதைத் தள்ளி வைத்துவிட்டு, கோட்டுச்சேரிமேட்டு மீனவப் பிள்ளைகளுக்காக நீங்கள் வெட்டிய அட்டை மீன்களை மேசையில் கொட்டினேன். நாலு பேர் கடலுக்குப் போனால் ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். நெடுங்காட்டுப் பள்ளி டீச்சரும் குரும்பகரம் பள்ளி சாரும் ஒரே குரலில் கால் பங்கு என்றார்கள். கோட்டுச்சேரிமேட்டில் உங்களோடு வேலை பார்த்த செல்வி டீச்சர் சிரித்துவிட்டார்.

"படகு சும்மா வருமா சார்? அதுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. எங்க புள்ளைங்க தூக்கத்துல கேட்டாலும் ஆறுல ஒண்ணுன்னு சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். குரும்பகரம் சார் மட்டும் விடவில்லை. "எங்க புள்ளைங்க மீனைத் தட்டுலதான் பார்த்திருக்குங்க. இதை அங்க கொண்டுபோயி நான் என்ன பண்றது டீச்சர்?"

நியாயமான கேள்வி. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"உங்க ஊர்ல எதைப் பங்கு போடுவாங்க, சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் சாக்பீஸை எடுத்து வாய்க்கால் ஒன்றை வரைந்தார். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வயல்கள், மேல்மடைக்காரர் கூடுதலாக எடுத்தால் கடைமடைக்கு மிஞ்சுவது. உங்கள் ஊரில் முறை என்று ஒன்று நடக்கிறதா என்று நெடுங்காடு டீச்சர் வம்புக்கு இழுத்தார். அவ்வளவுதான், அண்ணி! ஆளுக்கொரு அட்டையை எடுத்து அவரவர் ஊர்ப் பங்கை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வந்த டீ அப்படியே ஆறிப்போனது.

திங்கட்கிழமை வகுப்பில் செய்து பார்த்து, எங்கே சொதப்பியது என்று அடுத்த மாதம் சொல்ல வேண்டுமாம். அவர்களே முடிவு செய்தார்கள். அறையும் கிடைத்துவிட்டது.

இது எத்தனை மாதம் ஓடும் என்று எனக்குத் தெரியாது. சந்தேகப்படாமல் இருக்க எனக்கு வராது. ஆனால் அறையை நானே திறப்பேன். என் வகுப்பில் சரிவராததை முதல் ஆளாக நானே சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் நாத்தனார்,
வசந்தி