சிவப்பு மையில் ஒரு மனு

பைக்வில், கென்டக்கி
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹேட்டி எழுதுவது. கோபத்தை நோயாகக் கணக்கில் எடுக்காவிட்டால், நானும் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம்.

நீதிமன்றத்தின் உத்தரவு உங்களுக்கும் வந்திருக்கும். சிறையில் நீங்கள் முடித்த வகுப்புகளுக்கான தண்டனை நாள் கழிவைச் சிறைக் கண்காணிப்பாளர் தர மறுக்கிறார் என்று போட்ட ஆட்கொணர்வு மனுவை, நீதிபதி இன்னும் விசாரிக்கத் தொடங்கவே இல்லை. முறையான கையெழுத்து இல்லையாம். இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் தள்ளுபடி. இதுதான் கடைசி வாய்ப்பு என்று இந்த முறை எழுதிவிட்டார்கள்.

நீங்கள் எங்களுக்கு அனுப்பிய மனு நகலைப் பார்த்தேன். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மையில் கட்டைவிரல் ரேகை. பக்கத்தில், "ராட்லிஃப் குடும்பத்தைச் சேர்ந்த, ரோஸ்கோ என்னும் உயிருள்ள மனிதன் நான்; கைதி என்ற பெயருக்கு நான் பொறுப்பல்ல." அங்கே அடைபட்டிருப்பவர் நீங்கள் இல்லையென்றால், யாரை விடுவிக்கச் சொல்லி மனுப் போட்டோம் அப்பா?

இதெல்லாம் உங்கள் அறைத்தோழர் கிளைடின் போதனை. கருப்பு மையில் கையெழுத்துப் போட்டால் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் ஆகிவிடும், சிவப்பு மையில் ரேகை வைத்தால் அதன் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்று தொலைபேசியில் நீங்களே சொன்னீர்கள். கிளைடும் இதே முறையில் மூன்று மனுக்கள் போட்டார். மூன்றும் தள்ளுபடி. அவர் இன்னும் உங்களுக்கு மேல்படுக்கையில்தான் படுத்திருக்கிறார்.

அம்மா முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் அதைப் படித்தார். "உயிருள்ள மனுஷனாம். சர்ச்சுல கல்யாணப் பத்திரத்துல கருப்பு மையிலதானே போட்டாரு, அப்ப செத்தா கெடந்தாரு?" என்றார். பிறகு, "இதுக்குப் போய் நீ மண்டைய ஒடைச்சுக்காத. வர்றவரு வருவாரு," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

நீதிமன்ற அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எடுத்த பெண்மணி, சட்ட ஆலோசனை சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்றார். கையெழுத்தைப் பற்றி மட்டும்தான் கேட்கிறேன் என்றேன். பெருமூச்சு விட்டு, "மளிகைக் கடைக்குச் செக் எழுதுற மாதிரி போடச் சொல்லு, கண்ணு. நான் சொன்னேன்னு சொல்லாத," என்றார்.

புதிய பக்கத்தை இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, சாதாரணத் தபால் பெட்டியில் போடாமல், வழக்குத் தபால் என்று சொல்லி அலுவலர் கையிலேயே கொடுங்கள். கொடுத்த தேதியையும் உறுதிமொழியாக எழுதுங்கள். அந்தத் தேதியைத்தான் மனு வந்து சேர்ந்த தேதியாக நீதிமன்றம் ஏற்கும் என்று நூலகத்தில் படித்தேன்.

இன்னொன்று. இதை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். முன்பெல்லாம் நீங்கள் கிளைடைக் கிறுக்கன் என்றுதான் சொல்வீர்கள். கழிவு கிடைத்தால் இந்தக் கோடையிலேயே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று தெரிந்த பிறகுதான் அவர் பேச்சைக் கேட்க ஆரம்பித்தீர்கள். இங்கே சோபா மாறிவிட்டது. அம்மாவுக்கு முடி நரைத்துவிட்டது. நான் அம்மாவைவிட உயரம். பயப்படும்படி வேறு எதுவும் இல்லை. அம்மா கத்துவார், அது உங்களுக்குப் பழக்கம்தானே.

வர மனமில்லையென்றால் அதையும் எழுதி அனுப்புங்கள். ஆனால் கருப்பு மையில் எழுதி, உங்கள் பெயரைக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் நான் நம்ப மாட்டேன்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக. கிளைடையும்தான், வேறு அறையில் வைத்து.

உங்கள் மகள்,
ஹேட்டி