இடமிருந்து வலம், பதினேழு

சிவமயம்

மிச்சம்,
தெற்கு லண்டன், 5 ஜனவரி 2025

பெருமதிப்பிற்குரிய கல்யாணசுந்தரம் ஐயா அவர்களுக்கு,

இறைவன் திருவருளால் தாங்களும் லலிதா அம்மையாரும் நலமே இருப்பீர்கள். இங்கே நானும், கடையே கதியென்று கிடக்கும் என் கணவர் கணேசலிங்கமும் நலம்.

ஆண்டின் முதற்கடிதமாதலால் நன்றியோடு தொடங்குகிறேன். நம் ‘சொற்கட்டம்’ இணையதளத்தில் சனிக்கிழமைதோறும் தாங்கள் குறுக்கெழுத்து அமைக்கிறீர்கள்; அது வெளியாகுமுன் நிரப்பிப் பார்த்துக் குறை சொல்லும் பணியை ஆறு ஆண்டுகளாக எனக்கே தந்திருக்கிறீர்கள். சோதிப்பவர் யாரென்று உறுப்பினர் அறியார். அந்தக் கட்டத்தைப் பற்றிய உரையாடலில் சோதித்தவர் வாய் திறப்பதுமில்லை. இந்த வழக்கத்தை ஒரு நோன்பு போலக் காத்துவருகிறேன்.

பொங்கல் சிறப்புக் கட்டத்தை நேற்றுக் காலைப் பூசை முடித்து எடுத்தேன். பகலுணவுக்கு முன் நிரம்பிவிட்டது. மேலிருந்து கீழ் மூன்று, ‘ஈற்றடியில் ஒரு சீர் குறைந்தும் குறைபடாதது (3)’. வெண்பா என்று எழுதிவிட்டு, எழுதிய கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகு.

ஒன்றே ஒன்று. இடமிருந்து வலம் பதினேழில், ‘ஈழத்தின் மேற்குக் கரையில் பாடல் பெற்ற தலம் (6)’ என்று அமைத்திருக்கிறீர்கள். விடை கேதீச்சரம். எங்கள் மன்னார்த் தலத்துக்கு இத்தனை வழிகாட்டல் எதற்கு? ‘மேற்குக் கரையில்’ என்பதை நீக்கிவிடுங்கள். ஈழத்தில் பாடல் பெற்ற தலம் என்றாலே போதும். பதிகம் ஓதுகிறவர் எவரும் தடுமாறார்.

தங்கள் நலம் வேண்டி நாளும் தொழும்,
நகுலேஸ்வரி

*

தோர்ண்டன் ஹீத்,
தெற்கு லண்டன், 7 ஜனவரி 2025

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

தாங்கள் சொன்னபடியே நீக்கிவிட்டேன். மன்னாரில் பிறந்தவர் மன்னார்க் கோயிலைப் பற்றிச் சொல்லும்போது கும்பகோணத்தான் எதிர்வாதம் செய்வது முறையன்று.

இந்தக் கட்டத்துக்குப் போட்டியும் உண்டு என்பது நினைவிருக்கும். ஒரு பிழையும் இன்றி நிரப்பியவர் பெயர்கள் ஆண்டு முழுவதும் முகப்பில் இருக்கும். விடைகளைத் தளமே திருத்தும். வழக்கம்போல அடுத்த வெள்ளிக்கிழமை மாலை விடைகளையும் உரையாடலையும் திறப்போம்.

லலிதா தங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவன் ஓய்வு பெற்றும் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவள் குறை.

அன்புடன்,
கல்யாணசுந்தரம்

*

தோர்ண்டன் ஹீத்,
20 ஜனவரி 2025

அம்மா அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை நடந்ததைத் தாங்களும் படித்திருப்பீர்கள். ஆயினும் யாரிடமாவது சொன்னால்தான் ஆறும்.

நூற்று நாற்பது பேர் விடை அனுப்பினார்கள். அவர்களுள் அறுபத்தொருவர் பதினேழில் கோணேச்சரம் என்று எழுதியிருக்கிறார்கள். திருகோணமலைத் தலமும் பாடல் பெற்றதுதான், அதற்கும் ஆறெழுத்துதான். குறுக்கே வெட்டிச் செல்லும் எழுத்துகள் மூன்றாவதும் ஐந்தாவதும். இரு பெயரிலும் அவை ஒன்றே. ஆகவே இரண்டும் பொருந்தும். தளம் ஒன்றை மட்டும் சரியென்றது. அறுபத்தொரு பேரும் பிழையாளர் ஆனார்கள்.

வால்தம்ஸ்டோவிலிருந்து யாக்கோப்பு என்றொரு கிறிஸ்தவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: “நான் வேதக்காரன்தான். ஆனா திருகோணமலையில பிறந்தவன். எங்கட மலையில நிக்கிற கோயிலை ஒரு கம்ப்யூட்டர் பிழை எண்டு சொல்ல ஏலாது. தமிழ்நாட்டுக்காரருக்கு எங்கட தலங்கள் எங்க விளங்கப்போகுது? அண்ணை இனிமேல் மேப்பைப் பாத்திட்டுக் கட்டம் போடுங்கோ.”

அதற்குக் கீழே முப்பது பேர் ஆமோதித்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டு, இரு விடைகளும் சரியென்று அறிவித்தேன். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஈழத்தில் இருப்பது ஒரே தலம் என்று நினைத்தவன், இரவல் பக்தியில் கட்டம் போடுகிறவன் என்று மூன்று நாளாகப் பேச்சு.

முந்நூற்றுச் சொச்சம் வாரம் விடாமல் அமைத்தேன். கண்புரை சிகிச்சை நடந்த வாரத்திலும் அமைத்தேன். இப்போது வெறும் கட்டத்தைத் திறந்தால் ஒரு சொல்லும் எழுத வரவில்லை. நிறுத்திவிடலாமா என்றிருக்கிறது. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
கல்யாணசுந்தரம்

*

சிவமயம்

மிச்சம்,
24 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். ஆரவாரம் எழுந்தால் அடங்கவும் செய்யும். பழிப்பையும் புகழையும் ஒன்றாகக் கொள்ளுமாறே நம் பெரியோர் நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். பிழை எங்கே தொடங்கிற்று என்று ஆராய்வதில் பயனில்லை. பொறுமையோடு இருங்கள். தங்களுக்காக நாளை பிரதோஷ நாளல்லவெனினும் ஒரு விளக்கு ஏற்றுவேன்.

இங்கே குளிர் கடுமை. டிராம் இரு நாள் ஓடவில்லை. கடைக்கு வெண்டைக்காய் வந்து சேரவில்லை என்று அவர் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

தங்கள் நலம் நாடும்,
நகுலேஸ்வரி

*

தோர்ண்டன் ஹீத்,
2 பிப்ரவரி 2025

அம்மா அவர்களுக்கு,

விளக்குக்கு நன்றி.

வரும் எட்டாம் தேதிக் கட்டம் முன்பே அமைத்து வைத்தது. அதோடு நிறுத்திக்கொள்கிறேன். அமைக்க வேறு எவரேனும் முன்வந்தால் தளத்தின் திறவுச்சொல்லைக் கொடுத்துவிடுவேன்; வராவிட்டால் மூடிவிடலாம். இனிச் சோதிக்கக் கட்டம் இராது. ஆகவே தங்களுக்கு எழுதவும் எனக்குக் காரணம் இராது.

இதுவரை தாங்கள் செய்த உதவியை மறவேன்.

கல்யாணசுந்தரம்

*

சிவமயம்

மிச்சம்,
27 பிப்ரவரி 2025

என் மதிப்பிற்கும் மன்னிப்புக் கோரலுக்கும் உரிய ஐயா அவர்களுக்கு,

இருபத்தைந்து நாளாக இக்கடிதத்தைத் தொடங்கித் தொடங்கி அழித்தேன். நேற்றுச் சிவராத்திரி. நோன்பிருந்து பதிகம் ஓத அமர்ந்தேன். கேதீச்சரப் பதிகம் என் நாவுக்குப் பழகியது; கண் திறவாமல் ஓதுவேன். நேற்று ஓத இயலவில்லை. ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் அந்தத் தலத்தின் பெயர் வரும்போது, அதே பெயரால் ஒரு நல்ல மனிதரைத் தலைகுனிய வைத்துவிட்டு இங்கே அமர்ந்து பாடுகிறாயா என்று என் நெஞ்சே என்னைக் கேட்டது.

வீட்டிலும் கேள்விதான். விடியற்காலையில் அவர் தேநீரைக் கையில் தந்துவிட்டு, “இஞ்சேரும், ஆறு கிழமையா ஆரோ செத்த வீட்டில இருக்கிற மாதிரி இருக்கிறீர். என்னப்பா நடந்தது?” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கடவுளும் கட்டமும் தமக்குத் தெரியாது, வெண்டைக்காய் மட்டுமே தெரியும் என்று எப்போதும் சொல்கிறவர், சற்று யோசித்துவிட்டு, “அந்த மனுசன் உம்மட பேரைச் சொல்லேல்ல. நீரும் உம்மட பேரைச் சொல்லேல்ல. ரெண்டும் ஒண்டே?” என்று கேட்டார்.

ஒன்றல்ல. சோதித்தவர் பேசலாகாது என்ற வழக்கம் தங்களைக் காக்க ஏற்பட்டது. அதற்குள் நான் என்னை ஒளித்துக்கொண்டேன்.

இன்று காலை தளத்தில் நான் இட்டதை இங்கே படியெடுக்கிறேன்:

‘பொங்கல் கட்டத்தைச் சோதித்தவள் நான். ஐயா அமைத்த குறிப்பில் மேற்குக் கரை என்ற சொற்கள் இருந்தன. அதன்படி விடை ஒன்றே. அவற்றை நீக்கச் சொன்னவள் நான். கோணேச்சரத்தை அறியாதவளல்லேன், அதன் பதிகமும் எனக்கு மனப்பாடம். ஆயினும் ஈழத்துத் தலம் என்றதும் என் ஊர்க் கோயிலுக்கு அப்பால் என் நினைவு போகவில்லை. அறுபது ஆண்டு ஓதியும் இவ்வளவுதான் என் பக்தியின் அகலம். ஐயா என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைச் சுமந்தார். பார்த்துக்கொண்டு வாளாவிருந்தேன். இனி இத்தளத்தில் எவரும் என் சொல்லை முடிந்த முடிபாகக் கொள்ளவேண்டாம்.’

உறுப்பினர்களுள் ஒருவரான மருத்துவர் பிரியம்வதா முதலில் எழுதினார்: “அப்போ ஆறு வாரமா நாங்க தப்பான ஆளைத் திட்டிட்டிருந்தோமா?” நண்பகலில் யாக்கோப்பு ஒரு வரி இட்டார்: “அக்கா, மன்னாரோ நீங்கள்? கொஞ்சம் பொறுங்கோ, நான் அண்ணையிட்ட நேர போறன்.”

அவர் வந்தாரோ, என்ன சொன்னாரோ அறியேன். தாங்கள் மீண்டும் கட்டம் அமைக்கவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. சனிக்காலை பூசை முடித்ததும் கை தானாகக் கணினியைத் திறக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. அதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

தங்கள் முன் தலைதாழ்த்தி,
நகுலேஸ்வரி

*

தோர்ண்டன் ஹீத்,
9 மார்ச் 2025

அன்புள்ள அம்மா,

முதலில் யாக்கோப்பைப் பற்றி. வந்தார். வால்தம்ஸ்டோவிலிருந்து இரண்டு ரயில் மாறி, போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடித்த கையோடு, ஒரு பெரிய பையில் மட்டன் றோல்ஸோடு வந்து வாசலில் நின்றார். நாங்கள் இறைச்சி தொடாதவர்கள். லலிதா முகம் மாறாமல் வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். அரைமணி நேரம் அவர் பிழை பொறுக்கச் சொல்லி, நான் பொறுத்து, பேச்சுக் கோயில்களுக்குப் போய், பிறகு அவரே லலிதா பரிமாறிய தட்டில் றோல்ஸ் இல்லாததைப் பார்த்து, “அண்ணை, நீங்கள் சைவச் சாப்பாடே? முதல்லயே கேட்டிருக்கலாம் நான்” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். லலிதாவுக்கு அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஜனவரிக்குப் பிறகு அதுதான் முதல்.

இனித் தங்கள் கடிதத்துக்கு. ஒளிக்காமல் எழுதுகிறேன். தளத்தில் எழுதிய எவராலும் எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. தங்களின் ஜனவரிக் கடிதம்தான் வலித்தது. விளக்கு ஏற்றுவதாக எழுதியிருந்தீர்கள். அந்த விளக்கின் பக்கத்தில் ‘என்னால் வந்தது’ என்ற ஒரு சொல்லைத் தேடி நான்கு முறை படித்தேன். அது இல்லை. அதனால்தான் நிறுத்தினேன். கட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் என் பங்கையும் சொல்லவேண்டும். இரண்டு தலங்களையும் எண்ணிப் பார்த்துத்தான் ‘மேற்குக் கரையில்’ என்று முதலில் எழுதினேன். தாங்கள் நீக்கச் சொன்ன அன்றே இது பிசகும் என்று தெரியும். தெரிந்தும் நீக்கினேன். தங்களோடு முரண்பட்டால் அடுத்த வாரம் கடிதம் குறுகிவிடுமோ என்று பயந்தேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். ஆகவே யாக்கோப்பு என்னைத் திட்டியதில் பாதி நியாயம்தான்.

இந்த ஒரு மாதமாக வேலையில்லாமல் லலிதாவின் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் ஒட்டி, எது எங்கே என்று பட்டியல் போட்டு வைத்தேன். நேற்று அவள், “உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு கட்டம் போடுங்க. என்னால சீரகத்தைக் கண்டுபிடிக்க முடியல” என்றாள்.

ஒரு கட்டம் இணைத்திருக்கிறேன். இனிமேல் கட்டத்தின் கீழே இரண்டு பெயர்கள் இருக்கும்: அமைத்தவர், சோதித்தவர். இருவரும் வெள்ளிக்கிழமை உரையாடலில் பேசலாம், திட்டும் வாங்கலாம். சம்மதமா?

அன்புடன்,
கல்யாணசுந்தரம்

*

சிவமயம்

மிச்சம்,
12 மார்ச் 2025

அன்புள்ள ஐயா,

சம்மதம். ஜனவரிக் கடிதத்தைப் பற்றித் தாங்கள் எழுதிய பத்தியை வெட்டாமல் அனுப்பியதற்கு முதல் நன்றி. அது எனக்கு வேண்டும்.

கட்டத்தை மூன்று நாளாகக் கையில் வைத்திருக்கிறேன். இடமிருந்து வலம் எல்லாம் நிரம்பின. மேலிருந்து கீழ் இருபதில் தங்கள் குறிப்புச் சற்று மங்கல் என்று நினைக்கிறேன். ஒப்பவில்லையெனில் ஒப்பவில்லை என்றே எழுதுங்கள், என் கடிதம் குறுகாது.

மேலிருந்து கீழ் ஒன்பது எனக்குத் தெரியவில்லை. ஆறு ஆண்டுகளில் தெரியாதவை வேறும் இருந்தன. அவற்றையெல்லாம் இரவல் அகராதியில் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, தானே தெரிந்தது போலத் தங்களுக்கு எழுதியிருக்கிறேன். இதைத் தேடவில்லை. தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

விடையை இப்போது சொல்லிவிடாதீர்கள். சனிக்கிழமை கட்டம் வெளியாக இன்னும் மூன்று நாள் இருக்கிறதே, நினைத்துப் பார்க்கிறேன்.

தங்கள் தோழி,
நகுலேஸ்வரி