மப்ரூக்காவின் மழைநீர்த் தொட்டி

2 டிசம்பர் 2018
பள்ளியிலிருந்து வந்தால் மேசைமேல் நீதிமன்றக் கடிதம். பக்கத்து வீட்டு மப்ரூக்கா அக்கா வழக்குப் போட்டிருக்கிறாள். எங்கள் ஆலிவ் எண்ணெய் ஆலையின் கறுப்புத் தண்ணீர் அவள் முற்றத்துக்கு அடியிலுள்ள மாஜலில் கசிகிறதாம். வருஷம் முழுக்க மழைநீரைச் சேர்த்து வைக்கிற தொட்டி அது.

என் கணவர் ஷெத்லி சிரித்தார். "அவ புருஷன் அந்த வீட்டக் கட்டறதுக்கு முன்னாடியே எங்கப்பா ஆலை வெச்சுட்டார். அப்ப மூக்கு எங்க போச்சாம்?"

நான் சிரிக்கவில்லை. கறுப்புத் தண்ணீர் தேங்கும் கழிவுக் குட்டையின் பிளாஸ்டிக் விரிப்பு கிழிந்திருப்பதை அக்டோபரிலேயே பார்த்தேன். சொன்னேன். "சீசன் முடியட்டும்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

5 டிசம்பர்
வக்கீலிடம் போனோம். "நாத்தம், புகை எல்லாம் ஓரளவுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க பொறுத்துத்தான் ஆகணும். ஆனா தண்ணி கெட்டுதுன்னு நிரூபிச்சா உங்க அனுமதிப் பத்திரம் காப்பாத்தாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "விரிப்பு நல்லாத்தானே இருக்கு?"

ஷெத்லி "ஆமா" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

8 டிசம்பர்
ஒன்றை இதுவரை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். வழக்குக்கு முன்னால், நவம்பர் நடுவில், அக்கா ஒரு பாட்டில் தண்ணீருடன் என் வாசலுக்கு வந்தாள். "நீ ரசாயனம் சொல்லிக் குடுக்கறவ. பாத்துச் சொல்லும்மா. ரெண்டு பேர் கஸ்கஸைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, கசக்குதாம்."

ரவையில் தண்ணீர் தெளித்துக் கையால் கஸ்கஸ் உருட்டி விற்பதுதான் அவள் பிழைப்பு. எங்கள் ஸ்ஃபாக்ஸ் ஊரில் குழாய்த் தண்ணீர் உப்பு. மாஜல் இல்லாமல் அவளுக்கு வேலை இல்லை.

நான் முகர்ந்தேன். ஆலைக் கழிவு என்று தெரிந்தது. "இல விழுந்திருக்கும்க்கா, கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்க" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நன்றி!

13 டிசம்பர்
நீதிமன்ற நிபுணர் வந்தார். இரண்டு நாள் மழையில் மாஜலின் மேல்தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது. அக்கா வாளியில் இறைத்து ஒரு குவளையில் ஊற்றி அவரிடம் நீட்டினாள். "குடிச்சுப் பாருங்க ஐயா. அப்புறம் எழுதுங்க."

அவர் தயங்கினார். விருந்தாளிக்கு நீட்டிய மாஜல் தண்ணீரை இந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை. ஷெத்லி என் முழங்கையைத் தொட்டார். ஏன் செய்தேன்? குவளையை வாங்கி முழுவதையும் குடித்தேன். தொண்டையின் அடியில் பச்சை ஆலிவ் காயின் கசப்பு.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "நஸீஹா, உனக்கு நாக்குன்னு ஒண்ணு இல்லையா?"

நிபுணர் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கவே இல்லை. பாட்டில் பெட்டியை மூடினார்.

14 டிசம்பர்
எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

9 ஜனவரி 2019
அறிக்கை வந்தது: வழக்கத்துக்கு மீறிய தொல்லை இல்லை. ஷெத்லி வேலையாட்களுக்கு மக்ரூத் இனிப்பு வாங்கி வந்தார். "என் பொண்டாட்டி ஒரே மடக்குல வழக்கையே குடிச்சுட்டா!" எல்லோரும் சிரித்தார்கள். ஒரு துண்டு எனக்கும் நீட்டினார். தின்றேன். அதுவும் எழுதப்பட வேண்டியதுதான்.

17 ஜனவரி
சந்தையில் அக்கா. கஸ்கஸ் மூட்டை இல்லை, கையில் வெறும் பை. யார் வீட்டிலோ துணி துவைக்கப் போகிறாளாம் — காய்காரி சொன்னாள். அக்கா என்னைப் பார்த்து எதிர்ப்பக்கம் நடந்தாள்.

22 ஜனவரி
விசாரணை. வக்கீல் அறிக்கையைப் படித்து முடித்ததும் எழுந்து நின்றேன். விரிப்பு கிழிந்தது எனக்கு அக்டோபரிலிருந்தே தெரியும், தண்ணீர் கசந்தது என்றேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "குடிச்சது நீங்கதானே?"

"ஆமா. பொய் சொன்னேன்."

வேறு நிபுணரை நியமித்தார். வெளியே ஷெத்லி காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அக்காவிடம் போனேன். என்ன எதிர்பார்த்துப் போனேன்?

"எனக்காக வந்தியா, இல்ல உனக்குத் தூக்கம் வரலன்னு வந்தியா?"

வீடுவரை நடந்தே வந்தேன்.

3 மார்ச்
புது நிபுணரின் அறிக்கைப்படி குட்டையை மூட உத்தரவு. இனி கறுப்புத் தண்ணீரை லாரியில் ஊருக்கு வெளியே அனுப்ப வேண்டும். ஷெத்லி மாடியறையில் படுக்கிறார். "உப்பு எடு" என்பதுதான் இன்று பேசியது.

19 ஆகஸ்ட்
உத்தரவுப்படி எங்கள் ஆட்கள் அக்காவின் மாஜலை வடித்துத் தேய்த்துச் சுண்ணாம்பு பூசினார்கள். மண்ணையும் சோதித்தாயிற்று, நானும் பள்ளி ஆய்வகத்தில் பார்த்தேன். சுத்தம் என்று தாள் வந்தது.

6 அக்டோபர்
முதல் மழை. அக்கா மாஜல் வாயைத் துணியால் அடைத்து, மொட்டைமாடித் தண்ணீரைத் தெருவுக்கு விட்டாள். முதல் மழையை எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள், மாடி கழுவ.

15 அக்டோபர்
இரண்டாவது மழை. தெருவில் எல்லா வீட்டிலும் மாஜல் வாயைத் திறந்துவிட்டார்கள். அவள் வீட்டுத் தண்ணீர் மட்டும் தெருவில்.

28 அக்டோபர்
மூன்றாவது மழை, நல்ல கனமாக. மறுபடியும் தெருவில் ஓடியது. தாங்க முடியவில்லை. மாடிச் சுவரோரம் நின்று கத்தினேன்: "தொறந்து விடுங்கக்கா! சுத்தமாயிடுச்சு, நானே சோதன பண்ணிப் பாத்தேன்!"

அக்கா முற்றத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் மழை.

"யாரு சொல்றது?"

உள்ளே போய்விட்டாள். மழை நிற்கும்வரை மாடியிலேயே நின்றேன். அவ்வளவு தண்ணீரும் தெருவோடு போயிற்று.