சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்காதது குறித்து

அனுப்புநர்:
ப. வேதகிரி,
நெல் மண்டி சுமைத் தொழிலாளி,
நல்லூர்மேடு, உத்திரமேரூர் வட்டம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள், காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: விபத்தில் வந்தவர்களைத் தரம் பிரிக்கையில் என் மனைவி அம்முலுவின் கைக் காயம் 'சிறு காயம்' என்று ஒதுக்கப்பட்டது – விசாரணை வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. கடந்த ஆவணியில் நடவுக்குப் பெண்களை ஏற்றிச் சென்ற டிராக்டர் ஏரிக்கரை வளைவில் கவிழ்ந்தது. அம்முலுவின் இடது கை டிரெய்லர் பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எல்லோரையும் பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அதன் பெயரை நேரில் சொல்கிறேன்.

2. வாசலிலேயே உயிருக்குப் போராடுபவர்களுக்குச் சிவப்புச் சீட்டும், நடக்க முடிந்தவர்களுக்குப் பச்சைச் சீட்டும் கட்டினார்கள். அதே டிராக்டரில் போய் மண்டை உடைந்த பரிமளாவை முதலில் பார்த்தார்கள். அது நியாயம். அவர் பிழைத்ததில் எங்களுக்கும் சந்தோஷமே.

3. நடவுக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் புருஷன் சட்டையைப் போட்டு, மணிக்கட்டில் பொத்தான் பூட்டிக்கொள்வது தாங்கள் அறிந்ததே. அன்று அவள் போட்டிருந்தது என் சட்டை. சேறு படிந்த அந்தச் சட்டைக்கு வெளியே தெரிந்தது விரல் சிராய்ப்பு மட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பச்சைச் சீட்டு கட்டி, மரத்தடியில் உட்கார வைத்தார்கள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்கவாவது வேண்டாமா ஐயா?

4. வலியில் துடித்துக்கொண்டிருந்தவள் பிறகு அடங்கினாள். விசாரிக்க வந்த செவிலியரிடம், "வலி கொறஞ்சிட்ச்சிம்மா, விரலுதான் மரத்துக்கினு கீது, ஜில்லுனு கீது" என்றாள். வலி குறைந்தது என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது. நானும் நல்ல சேதி என்று நம்பி டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

5. விளக்கு வைக்கும் நேரத்தில் சட்டையைக் கத்தரித்தபோது கை கருநீலமாக வீங்கியிருந்தது. செங்கல்பட்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். எலும்பு முறிந்து இரத்த ஓட்டம் நின்றுவிட்டது, மரத்துப் போனதுதான் ஆபத்தின் அடையாளம் என்றார்கள். கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

6. இடது கையில் நாற்று முடியைப் பிடித்து வலது கையால் நடுகிறவள் அவள். வேறு வேலை தெரியாது. இந்தத் தையில் நாற்று முடியைப் பல்லில் கடித்துக்கொண்டு நட்டுப் பார்த்தாள். வரப்பில் நின்று நான் அழுதேன் ஐயா.

யாருடைய வேலையும் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பச்சைச் சீட்டு வாங்கியவர்களையும் சற்று நேரம் விட்டுத் திரும்பப் பார்க்கவும், துணியை விலக்கி விரலைத் தொட்டுப் பார்க்கவும் எல்லா மருத்துவமனைகளுக்கும் உத்தரவிட வேண்டுகிறேன். அம்முலுவுக்குப் போன கை வராது. இன்னொருத்திக்குப் போகாமல் இருக்கட்டும்.

இடம்: நல்லூர்மேடு
நாள்: 27.01.2025

இப்படிக்கு,
ப. வேதகிரி

வே. அம்முலுவின் ரேகை: வழக்கமாக வைக்கும் இடது கைப் பெருவிரல் இல்லாததால், வலது கைப் பெருவிரல் வைக்கப்பட்டுள்ளது.