சிவப்பு நூல் கட்டிய சீசாக்கள்

12-3-1958, புதன். விழுப்புரம்

இன்றும் காலை பாசஞ்சரில் திண்டிவனம் ஆரோக்கிய நிலையத்துக்கு வேலைக்கு. பெண்கள் பெட்டியில் என் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. மடியில் இருக்கும் மரப்பெட்டியில் என்ன என்று போன வாரம் ஒரு மாமி கேட்டாள். பச்சைக் குழந்தைகளின் மலம் எடுக்கிற சீசாக்கள் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றிலிருந்து ஜன்னல் ஓரம் முழுக்க எனக்கே.

அண்ணன் கடிதம். 'மெட்ராஸில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு அந்தப் பொட்டலில் அப்படி என்னதான் செய்கிறாய்?' பதில் எழுதினேன். பிறந்த குழந்தையின் குடலில் சில நாட்களிலேயே கிருமிகள் குடியேறுகின்றன. எல்லாமே நோய்க் கிருமிகள் அல்ல. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கவட்டைக் குச்சி வடிவில் ஒரு நல்ல கிருமி ஏராளமாக இருக்கும், அது குழந்தைக்குக் காவல். டின் பால் குடிக்கும் குழந்தைக்கு அது குறைவு என்கின்றன வெளிநாட்டுப் புத்தகங்கள். நம் ஊரில் எப்படி என்று யாரும் பார்த்ததில்லை. நான் பார்க்கிறேன்.

படித்துவிட்டு அண்ணி சிரிப்பாள். சிரிக்கட்டும்.

19-6-1958, வியாழன்

சீசாக்களைச் சேகரித்து வருகிறவள் வீரம்மாள். ஒலக்கூர், பெருமுக்கல் பக்கத்தில் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் பென்சிலின் வந்த காலி சீசாக்களை வேகவைத்து, தாய்ப்பால் குழந்தைக்கு வெள்ளை நூல், டின் பால் குழந்தைக்குச் சிவப்பு நூல் என்று கட்டிக் கொடுக்கிறேன். வாரம் இரண்டு முறை துணிப்பையில் போட்டுக் கொண்டுவருகிறாள். ஒன்றும் மாறுவதில்லை, ஒன்றும் உடைவதில்லை.

இன்று என் சாப்பாட்டுத் தூக்கை எட்டிப் பார்த்தாள். "இன்னா டாக்டரம்மா, தெனம் தயிர்சோறு? ஒங்களுக்குன்னு யாருமே இல்லியா?"

நான் டாக்டர் இல்லை என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

3-10-1958, வெள்ளி

அறுபது சீசா முடிந்தது. வெள்ளை நூல் முப்பதிலும் கவட்டைக் குச்சிகள். சிவப்பு நூல் முப்பதிலும் அதே! நீல லிட்மஸ் தாளை வைத்தால் அறுபதுமே சிவக்கிறது, அந்த நல்ல கிருமி உண்டாக்கும் புளிப்புக்கு. டின் பால் குடித்தாலும் நம் குழந்தைகளின் குடல் கெடுவதில்லை. வெள்ளைக்காரன் புத்தகம் நம் திண்டிவனத்துக்குப் பொருந்தவில்லை!

இந்தச் செய்தியைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்போல் இருந்தது. ஆரோக்கிய நிலைய வாட்ச்மேனிடம் சொன்னேன். "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பூட்டப் போனார்.

அறிக்கையை மெட்ராஸில் என் மேலதிகாரி அரங்கநாதனுக்குத் தபாலில் போட்டேன்.

22-1-1959, வியாழன்

சவுரிராயன் என்று ஒருவர் வந்தார். 'பாலஜோதி' பால் பவுடர் கம்பெனிக்காரர். என் அறிக்கையை அரங்கநாதன் கொடுத்தாராம்.

"உங்களை மாதிரி ஒருத்தரைத்தான், மிஸ், தேடிக்கிட்டிருந்தோம். எங்களுக்கு ஹெல்த் அட்வைசரா வாங்க. மெட்ராஸ் ஆபீஸ்ல தனி ரூம், சொந்தமா லேப். ஊர் ஊராத் தாய்மார் கூட்டத்துல பேசணும், அவ்வளவுதான்."

யோசிக்கிறேன் என்றேன். என்ன யோசனை? அவர் தெரு முனை திரும்புவதற்குள் மனத்தால் சரி சொல்லிவிட்டேன். அந்த ஆபீஸில் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்களாம். மத்தியானம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். அதை மட்டும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

9-2-1959, திங்கள்

கம்பெனிக்கு ஒரு போட்டோ வேண்டுமாம். டின் பால் குடித்து வளரும் குழந்தையோடு நான். பெருமுக்கலில் சின்னபொண்ணு வீட்டுக்குப் போனோம். அவள் சீம்பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டவள். மஞ்சளாக இருக்கிறதே, ஆகாது என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீர், பிறகு டின். குழந்தைக்கு ஏழு மாதம். நான் நினைத்ததைவிட இளைத்திருந்தது.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட நேரம் பார்த்துக் குழந்தை என் மடியிலேயே வெளிக்குப் போய்விட்டது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாற்றம்! சிவப்பு நூல் சீசாக்களைத் திறந்தால் புளித்த மோர் வாடைதான் வரும். இது அதுவே இல்லை.

பையிலிருந்த லிட்மஸ் தாளை எடுத்து வைத்தேன். நீலம் நீலமாகவே இருந்தது.

"சின்னபொண்ணு, வீரம்மாகிட்ட இதைத்தானே கொடுத்தனுப்புவே?"

"அய்ய, இதயா? எதிர்வூட்டுக் கொழந்தையுதுதான் எப்பவும் குடுப்பேன். அது தாய்ப்பால் குடிக்குது, நல்லாக்கீது. சீக்குப் புள்ளையுதை வெளிய குடுத்தா யாருனா இன்னாத்தையாவது செஞ்சி வெச்சுட்டா?"

போட்டோ நன்றாக வந்திருக்கும் என்றார் சவுரிராயன்.

10-2-1959, செவ்வாய்

வீரம்மாளிடம் கேட்டேன். கத்தினேன் என்று எழுதுவதுதான் நேர்மை. அவள் பயப்படவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"ஆமாம்மா. கெட்டுப்போனத எப்பிடி ஒங்க கையில குடுக்கறது? கத்திரிக்கா வாங்கியாந்தாக்கூட சொத்தைய ஒதுக்கிட்டுத்தானே குடுப்போம்? நீங்க பாவம், ஒத்தையில குந்திக்கினு கண்ணு நோவப் பாத்துக்கினு கீறீங்க. மேல கீறவங்க ஒங்கள நல்லா சொல்லணும்னுதான் நல்லதாப் பாத்துப் பாத்து எடுத்தாந்தேன்."

சிவப்பு நூல் முப்பதுமா வீரம்மா?

"முப்பதுந்தாம்மா."

இந்த ஊரில் என்மேல் ஆசையாக ஒருத்தி செய்த ஒரே காரியம். அதுவே என் தலையில் விழுந்த கல். அவளைத் திட்டி என்ன? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் அந்த வீடுகளுக்கு நடந்திருக்கலாம். நடக்கவில்லை. வெயில், பஸ் கிடையாது, மைக்ராஸ்கோப்புக்கு ஜன்னல் வெளிச்சம் போய்விடும் — எத்தனை சாக்கு! வெள்ளைக்காரனைத் தப்பென்று நிரூபித்துவிட்ட மிதப்பு வேறு.

14-2-1959, சனி

கம்பெனிக்கு இன்னும் எழுதவில்லை. நாளை.

20-2-1959, வெள்ளி

எழுதவில்லை. எழுதாமலே இருந்தால்தான் என்ன? யாருக்குத் தெரியும்? வீரம்மாளுக்கும் எனக்கும்தான்.

சீ.

2-3-1959, திங்கள்

எட்டு நாளாக நானே வீடு வீடாகப் போனேன். டின் பால் குழந்தைகள் பத்துப் பேர். காலில் கொப்புளம். என் கண்ணெதிரே துணியிலிருந்து எடுத்தது. ஒன்பதில் கவட்டைக் குச்சி தேடினாலும் அகப்படவில்லை. வேறு ஏதேதோ கூட்டம். ஒன்றில் கொஞ்சம் இருந்தது. விசாரித்தால், அந்தக் குழந்தைக்கு அத்தை திருட்டுத்தனமாகத் தன் பாலைக் கொடுக்கிறாள்.

புத்தகம் சரி. நான்தான் தப்பு.

6-3-1959, வெள்ளி

விழுப்புரம் ஜங்ஷன் தபால் பெட்டியில் இரண்டு கடிதம் போட்டேன். அறிக்கை செல்லாது, திரும்பப் பெறுகிறேன், காரணம் இன்னது என்று அரங்கநாதனுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. வீரம்மாள் பெயரை எழுதவில்லை. 'சேகரிப்பில் என் கவனக்குறைவு' என்று எழுதினேன். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் கையை விட்டு எடுத்துவிட முடியுமா என்று ஒரு கணம் பார்த்தேன். முடியாது. கை பெரிது.

28-4-1959, செவ்வாய்

அரங்கநாதன்: 'அவசரப்பட்டுவிட்டாய். அடுத்த வருஷம் மெதுவாகத் திருத்தியிருக்கலாம். என்னைப் பார்த்தும் ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டாய். இனி உன் வேலையை நீட்டிக்கச் சொல்லி நான் கேட்க முடியாது.'

சவுரிராயன் நான்கே வரி: என் நேர்மையை மெச்சுகிறார்களாம். அட்வைசர் வேலைக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்களாம்.

பன்னிரண்டு பெண்களோடு பதின்மூன்றாவதாக இன்று அங்கே யார் உட்கார்ந்து சாப்பிடுகிறாளோ.

11-4-1960, திங்கள். திண்டிவனம்

மைக்ராஸ்கோப்பை வைக்கோல் சுற்றி மெட்ராஸுக்கு அனுப்பியாகிவிட்டது. அண்ணன் வரச் சொல்கிறான். அண்ணி சொல்லவில்லை. விழுப்புரம் அறையைக் காலி செய்துவிட்டு இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சராகச் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஆரோக்கிய நிலைய வராந்தாவில் உட்கார்ந்து தாய்மாருக்கு யோசனை சொல்ல அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். நாற்காலி கொடுக்கவில்லை, ஸ்டூல்.

சின்னபொண்ணு குழந்தையை வீரம்மாள் தூக்கி வந்து காட்டினாள். அப்போதே அவள் பேச்சுவார்த்தை நடத்தி, ஓரகத்தியைப் பால் கொடுக்க வைத்தாளாம். இப்போது கேப்பைக் கூழ் குடித்துவிட்டு என் புடவையைப் பிடித்து நிற்கிறது.

5-12-1961, செவ்வாய்

மழை. ஒருத்தரும் வரவில்லை. விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

17-9-1963, செவ்வாய்

மஹபூப் பீவி என்று ஒரு பெண். இருபது வயது இருக்கும். முதல் குழந்தை, இரண்டு மாதம். அவளுக்குப் பால் நன்றாக இருக்கிறது, ரவிக்கை நனைந்திருந்தது. ஆனால் இடுப்பில் பாலஜோதி டின். இன்றிலிருந்து அதுதான் கொடுக்கப்போகிறாளாம், எத்தனை கரண்டி என்று கேட்க வந்தாள்.

டின் வேண்டாம், உன் பாலே போதும் என்றேன்.

"இல்லீங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு இதுல போட்டுக்கீது. அவரு படிச்சிக் காமிச்சாரு" என்று டின்னுக்குள்ளிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தாள். மடியில் குழந்தையோடு ஒருத்தி. முகம் தெளிவாக இல்லை. கீழே அச்சில்: 'திண்டிவனம் வட்டாரக் குழந்தைகளை ஆராய்ந்த பெண் விஞ்ஞானி செல்வி காந்திமதி, எம்.எஸ்ஸி. அவர்களின் முடிவு — தாய்ப்பாலும் பாலஜோதியும் குழந்தையின் குடலுக்கு ஒன்றே.'

நாலரை வருஷம். என் கடிதம் எந்தக் குப்பைக்கூடைக்குப் போனதோ. எத்தனை டின்? எத்தனை ஊர்?

"இது தப்பும்மா" என்றேன்.

"அவங்க எம்மாம் படிச்சவங்க! ஒங்களுக்குத் தெரியுமா, அவங்களுக்குத் தெரியுமா?"

"நான்தாம்மா அந்தக் காந்திமதி."

தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள், கெட்ட எண்ணம் இல்லாமல்தான். "போங்கம்மா, வெளையாடாதீங்க. அவ்ளோ பெரியவங்க இன்னாத்துக்கு இங்க வந்து தனியா குந்திக்கினு இருக்கப் போறாங்க?"

தாளை மடித்து டின்னுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

விசாரித்தேன், அவள் வீடு கிடங்கல் பக்கமாம். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானே போகிறேன்.